நிற்கும் அலை

2025 அக்டோபர் கடைசியில் ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி தன் ஓடைகளைத் தூர்வாரியது. தண்ணீரை நிறுத்திப் படுகையைச் சுத்தம் செய்து மறுபடி திறந்துவிடும் வழக்கமான வேலைதான். சில நாட்களில் ஐஸ்பாக் ஓடையில் நீர் பழையபடி ஓடியது. ஆனால் பிரின்ஸ்ரெகெண்டன் தெருப் பாலத்தின் அடியில், ஏறத்தாழ 50 ஆண்டுகளாக ஆட்கள் சறுக்கி விளையாடிய அலையைக் காணோம். வெள்ளம் வரவில்லை, அணை உடையவில்லை. தூர்வாரியதில் ஓர் அலை தொலைந்துபோனது.

அந்த அலையின் அகலம் சுமார் 12 மீட்டர், உயரம் சுமார் 1 மீட்டர். மியூனிக் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் உள்ள நகரம். அருகிலுள்ள கடலான ஏட்ரியாடிக்கைப் பார்க்க வேண்டுமானால் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரின் நடுவில், இரு கரையிலும் நீச்சலுடையோடும் பலகையோடும் வரிசையில் நின்று, ஒருவர் விழுந்ததும் அடுத்தவர் குதித்து ஏறும் காட்சி ஊருக்கே ஓர் அடையாளமாகியிருந்தது. பனி பெய்யும் நாளிலும் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி வேடிக்கை பார்க்கக் கூட்டம் இருக்கும்.

பார்ப்பவருக்கு இத்தகைய அலை இயற்கையின் கொடை போலத் தெரியும். கூர்ந்து பார்த்தால் அது மூன்று தரப்புகளின் உடன்பாடு: நீரின் வேகம், படுகையின் வடிவம், ஊரின் சம்மதம். மூன்றில் ஒன்று பிசகினாலும் அலை இல்லை. கடலில்லாத ஊர்களில் அலைச்சறுக்கு பரவிய வரலாறு, இந்த உடன்பாட்டை எட்டிய வரலாறும் அதைக் காப்பாற்றத் திணறிய வரலாறும்தான்.

நீர் ஓடுகிறது, அலை நிற்கிறது

கடலில் நகர்வது அலை. நீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது. ஆழமான நீரில் மிதக்கும் ஒரு தேங்காய், அலை கடந்த பிறகும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் ஆடிக்கொண்டிருக்கும். ஆற்றிலோ நிலைமை தலைகீழ். நீர் பாய்ந்தோடுகிறது, அலை ஓரிடத்தில் நிற்கிறது. அதன் மீது நிற்பவர் மணிக்கணக்கில் சறுக்கினாலும் கரையிலுள்ள மரத்தைத் தாண்டிப் போகமாட்டார். கடலில் நல்ல அலைக்காகக் காத்திருக்கும் நேரம் அதிகம், சறுக்கும் நேரம் சில வினாடிகள். இங்கே அலை காத்திருக்கிறது, ஆள்தான் வரிசையில் நிற்க வேண்டும்.

ஆற்றில் ஓடிவரும் அலைகளும் உண்டு. கடல் ஏற்றத்தின்போது முகத்துவாரம் வழியாக மேல்நோக்கிப் புகும் ஓத அலை அத்தகையது. இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றில் ஜாக் சர்ச்சில் என்ற ராணுவ அதிகாரி 1955இல் அதன் மீது சறுக்கினார். ஆனால் அது நிலவின் நேரத்துக்கு வந்து போகும் அலை. நாம் பேசுவது இரவும் பகலும் நிற்கும் அலையைப் பற்றி.

இதன் இயக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு போதும். ஆழம் குறைந்த நீரில் ஒரு சிற்றலை பரவும் வேகம், ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அது வினாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர். நீர் அதைவிட வேகமாக ஓடினால், எந்த அலையாலும் அந்த ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏற முடியாது. அப்படிச் சரிவில் பாய்ந்துவரும் மெல்லிய நீர், கீழே மெதுவாக நகரும் ஆழமான நீரில் முட்டும்போது வேகம் சட்டென்று குறைந்து மட்டம் எழும்புகிறது. அதைத்தான் நீரியலார் நீர்த்தாவல் என்கிறார்கள். லியனார்டோ டா வின்சி இதைக் கவனித்து வரைந்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் டூரினில் ஜியோர்ஜியோ பிடோனே சோதனைகள் செய்து அளந்தார்.

இதன் சாயல் நம் சமையலறையிலேயே உண்டு. குழாயைத் திறந்தால், நீர் விழும் இடத்தைச் சுற்றி கண்ணாடித் தகடு போல் பரவிச் சற்றுத் தள்ளி வட்டமாக ஒரு வரப்பு எழும். அந்தச் சிறு வட்டத்தில் புவியீர்ப்பைவிடப் பரப்பு இழுவிசைக்கே முக்கியப் பங்கு என்று 2018இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். ஆற்றில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. அங்கே புவியீர்ப்புதான் ராஜா.

நீரின் வேகத்தை அலையின் வேகத்தால் வகுத்தால் வருவது ஃபுரூடு எண். கப்பல் பொறியாளர் வில்லியம் ஃபுரூடின் (1810–1879) பெயரைத் தாங்கியது. இந்த எண் 1க்கும் 1.7க்கும் இடையில் இருந்தால் மேற்பரப்பு உடையாமல் வழவழப்பாக மேடும் பள்ளமுமாக நிற்கும். கூடக்கூட முகடு உடைந்து நுரைக்கும். 4.5க்கும் 9க்கும் இடையில் நீரின் ஆற்றலில் பெரும்பகுதி கொந்தளிப்பிலேயே கரைந்துபோகும். அணைப் பொறியாளர்களுக்கு வேண்டியது அதுதான். மதகிலிருந்து சீறிவரும் நீர் ஆற்றுப் படுகையை அரித்துவிடாமலிருக்க, அணையின் காலடியில் கான்கிரீட் தளம் அமைத்து, பற்கள் போலக் கட்டைகள் நட்டு, வேண்டுமென்றே தாவலை உண்டாக்குகிறார்கள். அலைச்சறுக்குக்காரர்கள் தேடுவது இந்த ஏணியின் கீழ்ப்படிகளை. பொறியாளர் நீரின் வேகத்தைக் கொல்லப் பார்க்கிறார், சறுக்குபவர் அதைக் கொஞ்ச நேரம் உயிரோடு வைத்திருக்கப் பார்க்கிறார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கீழே தேங்கியிருக்கும் நீரின் மட்டம் சற்று உயர்ந்தால் தாவல் மூழ்கிவிடும். சற்றுத் தாழ்ந்தால் கீழ்நோக்கி அடித்துச் செல்லப்படும். அலை நிற்பதற்கான இடைவெளி மிகக் குறுகியது. படுகையில் ஒரு கல் இடம் மாறினாலும் அது அலையின் முகத்தில் தெரியும்.

மரத்தில் கட்டிய கயிறு

ஐஸ்பாக் இயற்கை ஆறல்ல. ஈசார் ஆற்றிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த வாய்க்கால். ஆலைச் சக்கரங்களைச் சுழற்றவும் துணி வெளுக்கவும் மியூனிக்கில் ஒரு காலத்தில் இப்படிப் பல நகர ஓடைகள் இருந்தன. பல பின்னர் மூடப்பட்டுத் தெருக்களுக்கு அடியில் போய்விட்டன. ஐஸ்பாக் நிலத்தடியிலிருந்து வெளிவரும் இடத்தில் தொடங்குகிறது இங்கிலீஷ் தோட்டம். 1789இல் அந்தப் பூங்காவுக்கு வித்திட்டவர் பெஞ்சமின் தாம்சன். வெப்பம் என்பது ஒரு பொருளல்ல, இயக்கம்தான் என்று பீரங்கி துளைக்கும் சோதனையைக் கொண்டு 1798இல் வாதிட்ட அதே ரம்ஃபோர்டு பிரபு. அலைக்கு அருகில் நிற்கும் கட்டடம் ஹவுஸ் டெர் குன்ஸ்ட், நாஜி ஆட்சி 1937இல் தன் கலைக்கொள்கைக்கு மேடையாகத் திறந்த அரங்கம். ஆலை, பூங்கா, அரசு என்று எல்லாரும் தங்கள் கணக்குக்குத் திட்டமிட்ட இடத்தில், எவரும் திட்டமிடாமல் வந்து சேர்ந்தது அலை.

வேகமாக வெளியேறும் நீரை அடக்கப் படுகையில் கான்கிரீட் கட்டைகள் வைக்கப்பட்டிருந்தன. அந்தக் கொந்தளிப்பில் ஓர் அலை எழுந்தது. முதலில் அது நிலையாக நிற்கவில்லை. சறுக்கியவர்களே பக்கவாட்டில் மரப்பலகைகளைக் கயிற்றால் கட்டி நீரை ஒடுக்கி, அலையை நிலைக்க வைத்தார்கள். பொறியாளரின் கட்டை பாதி, குடிமக்களின் பலகை பாதி என்று உருவான அலை அது.

இந்தப் பழக்கத்துக்கு முன்னோடி கடலல்ல. 1960களில் பவேரியாவின் டிரோஸ்ட்பெர்க் ஊரில், ஆல்ஸ் ஆற்றில் கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்தபடி ஒரு பலகையில் நின்று ஓட்டத்தை எதிர்த்துச் சறுக்கும் விளையாட்டு இருந்தது. 1970களின் தொடக்கத்தில் மியூனிக்கின் தெற்கே ஃப்ளோஸ்லெண்டெ என்ற தெப்பத் துறையில் கயிற்றை விட்டுவிட்டு அலையின் பலத்திலேயே நிற்கக் கற்றார்கள். பிறகு ஐஸ்பாக்குக்கு வந்தார்கள்.

அதே காலத்தில் 60 கிலோமீட்டர் தள்ளி ஆக்ஸ்பர்கில் அரசே ஒரு காட்டாற்றைக் கட்டியது. குடிநீர் ஆலைக்குள் பனிக்கட்டி மிதந்து வராமல் திருப்பிவிட இருந்த பழைய ஐஸ்கனால் வாய்க்கால், 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் படகுச் சறுக்குப் போட்டிக்காகச் செயற்கைக் காட்டாறாக மாற்றப்பட்டது. அந்த வகையில் உலகின் முதல் தடம் அது. ஆக்ஸ்பர்கின் நீர் மேலாண்மை அமைப்பின் பகுதியாக 2019இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. ஐஸ்கனாலுக்கு அரசாணை இருந்தது. ஐஸ்பாக்கில் சறுக்கியவர்களுக்கோ அனுமதியே இல்லை. காவலர் வந்தால் பலகையோடு ஓடும் நிலைமை பல ஆண்டுகள் நீடித்தது. 2010இல் மாநகராட்சி அந்த நிலத்தைப் பவேரிய மாநில அரசிடமிருந்து பெற்ற பிறகே அங்கே சறுக்குவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. தேர்ந்தவர்களுக்கு மட்டுமே என்ற எச்சரிக்கைப் பலகையும் வந்தது. இதற்கு ஓராண்டு முன், 2009இல், பியோர்ன் ரிச்சி லோப் எடுத்த 'கீப் சர்ஃபிங்' ஆவணப்படம் இந்த அலையின் கதையை வெளியூர்களுக்கும் கொண்டுபோயிருந்தது.

வடிவமைத்த அலைகள்

தற்செயலாகக் கிடைத்ததை வேண்டுமென்றே செய்து பார்க்கும் ஆசை பிறகு பரவியது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத் தலைநகர் போய்சியில் 2012இல் ஆற்று அலைப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. ஆற்றின் குறுக்கே அமைத்த எஃகுத் தகடுகளைக் காற்றுப் பைகள் தூக்கி இறக்குகின்றன. நீர்வரத்து மாறும்போது தகட்டின் கோணத்தை மாற்றி அலையை மீட்கலாம். சிறு படகுக்காரர்களுக்கு நுரைக்கும் குழி வேண்டும், பலகைக்காரர்களுக்கு வழவழப்பான பச்சை முகம் வேண்டும். அதே தகட்டைக் கொண்டு இரண்டையும் முறைவைத்துத் தர முடிகிறது. அங்கே படுகை ஓர் இயந்திரமாகிவிட்டது.

ஓரிகன் மாநிலத்தின் பெண்ட் நகரில் மர ஆலைக்காகக் கட்டிய பழைய அணை இருந்தது. அதன் நீர் வழிந்தோடும் பகுதி ஆற்றில் மிதந்து வருவோருக்கு ஆபத்தான இடம். 2015இல் அதை மாற்றி, டெஷூட்ஸ் ஆற்றை மூன்று வழிகளாகப் பிரித்தார்கள்: அலைக்கு ஒன்று, ரப்பர் வளையத்தில் நிதானமாக மிதப்போருக்கு ஒன்று, மீனுக்கும் பறவைக்கும் ஒன்று. ஒரே ஆற்றில் பங்காளிகளுக்குப் பாகம் பிரித்தது போன்ற ஏற்பாடு.

ஆறே வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. மியூனிக்கைச் சேர்ந்த ரைனர் கிளிமாஷெவ்ஸ்கி உருவாக்கிய சிட்டிவேவ் தொட்டியில் பம்புகள் நீரைத் தள்ளி நிற்கும் அலையை எழுப்புகின்றன. 2011 முதல் மியூனிக் விமான நிலையத்தில் கோடைதோறும் அலைச்சறுக்கு விழா நடந்தது. 2017இல் நகருக்கு அருகே டவுஃப்கிர்ஷனில் உள்ளரங்க அலையும் வந்தது. வசதி கூடியது, மின்கட்டணமும் கூடவே வந்தது. வினாடிக்கு 10 கனமீட்டர் நீர், நம் கணக்கில் சுமார் 350 கன அடி, 1 மீட்டர் கீழே இறங்கினால் கிடைக்கும் திறன் ஏறத்தாழ 98 கிலோவாட். ஆறு அதை இலவசமாகத் தருகிறது. தொட்டியில் அதைவிட அதிகமாகவே பம்புக்குச் செலவழிக்க வேண்டும்.

இதே கணக்கில் ஆற்று அலையின் பெரிய வில்லங்கமும் இருக்கிறது. அந்த 1 மீட்டர் இறக்கத்தை முன்பு ஆலைக்காரர் கேட்டார், இன்று நீர்மின் நிலையம் கேட்கிறது. ஃப்ளோஸ்லெண்டெயில் போதிய நீர் கிடைக்காமல் அலை படுத்துவிடுவதற்கு, மின் உற்பத்தியோடு நீரைப் பங்கிட வேண்டியிருப்பதே காரணம். விசையாழி வழியாகப் போகும் நீர் அலையாக நிற்காது.

விளையாட்டுக்கு நீர் உரிமை உண்டா?

இந்தக் கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுபோன மாநிலம் கொலராடோ. வறண்ட மேற்கு அமெரிக்காவின் நீர்ச்சட்டம் எளிமையானது: முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை. வயலுக்கோ ஆலைக்கோ திருப்பினால்தான் பயன்பாடு. ஆற்றிலேயே ஓடவிட்டு அதன் மேல் விளையாடுவது பயன்பாடாகுமா?

1992இல் ஃபோர்ட் காலின்ஸ் நகரம் தொடர்பான வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு வாசலைத் திறந்தது. ஆற்றுக்குள்ளேயே கட்டிய அமைப்பு நீரைக் கட்டுப்படுத்தினால், அதையும் நீரைத் திருப்புவதாகக் கொள்ளலாம் என்றது. 1998இல் கிளியர் கிரீக் ஓடையில் படகுத் தடம் கட்டிய கோல்டன் நகரம், அந்த வாசல் வழியாக நுழைந்து நீர் உரிமை கேட்டுப் பெற்றது. மேல்முறையீட்டில் 2003இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால், கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நிலைத்தது. இதற்கிடையே 2001இல் சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றி, இத்தகைய உரிமையை உள்ளாட்சி அமைப்புகள் மட்டுமே கோரலாம், நியாயமான பொழுதுபோக்குக்குத் தேவையான குறைந்தபட்ச நீரே கிடைக்கும் என்று வரம்பு கட்டியது. உழவரின் நீரை விளையாட்டு விழுங்கிவிடக் கூடாது என்ற அச்சம் அதில் தெரிகிறது. அதே சமயம், ஓடும் நீரை ஓடவிடுவதும் ஒரு பயன்தான் என்ற ஒப்புதலும் இருக்கிறது. காவிரிக் கணக்கில் வளர்ந்த நமக்கு, ஆற்றில் ஓடும் நீரை வீண் என்றும் கடலில் சேர்ந்ததை இழப்பு என்றும் சொல்லியே பழக்கம். அந்தப் பழக்கத்தோடு இந்த ஒப்புதலை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நீருக்கு இன்னொரு உரிமைக்காரரும் இருக்கிறார்: மீன். சீறும் நீர் மனிதனுக்கு விளையாட்டு, மேல்நோக்கி நீந்தும் மீனுக்குச் சுவர். கொலராடோவின் லயன்ஸ் ஊரில், மீன்களின் உடலில் அடையாளச் சில்லு பொருத்திக் கவனித்த ஆய்வில், இத்தகைய கட்டமைப்புகள் முழுத் தடையாக இல்லாவிட்டாலும் சில இடங்களில் மேல்நோக்கிய நகர்வைக் குறைத்தது தெரியவந்தது. எனவே அலை கட்டுவோர் பக்கத்திலேயே கரடுமுரடான, வேகம் குறைந்த தனிவழி விட வேண்டியிருக்கிறது. பழைய தடுப்பை அகற்றி அலையும் மீன்வழியும் சேர்த்துக் கட்டினால் ஆற்றுக்கு லாபம். தடையில்லாத ஆற்றில் அலைக்காகப் புதிதாகத் தடுப்புக் கட்டினால் நட்டம். ஆற்று அலைத் திட்டம் எதையும் எடைபோட இந்த ஒரு கேள்வி போதும்: முன்பு அங்கே என்ன இருந்தது?

கால் கயிறு

கடலில் சறுக்குபவர் பலகையைத் தன் காலோடு கயிற்றால் பிணைத்துக்கொள்வார். விழுந்தால் பலகையே மிதவை, கயிறே உயிர்நாடி. ஆற்றில் அதே கயிறு எமனாகலாம். நீர் இடைவிடாமல் ஒரே திசையில் இழுக்கிறது. கயிறு படுகையில் எதிலாவது சிக்கினால், ஓட்டத்தின் முழு எடையும் ஆளைக் கீழே அழுத்தும். 2025 ஏப்ரல் 16 இரவு ஐஸ்பாக்கில் அதுதான் நடந்தது. 33 வயதுப் பெண் ஒருவரின் கால் கயிறு அடியில் சிக்கியது. மீட்கப்பட்டபோதும் சில நாட்களில் மருத்துவமனையில் இறந்தார். அலை மூடப்பட்டு, ஜூன் இறுதியில் புதிய விதிகளோடு திறக்கப்பட்டது. இரவில் சறுக்கக் கூடாது, 14 வயதுக்கு உட்பட்டவருக்கு இடமில்லை, இழுத்தவுடன் கழன்றுகொள்ளும் கயிறு வேண்டும்.

நம் ஊர் அணைக்கட்டுகளில் ஷட்டருக்குக் கீழே குளிக்கக் கூடாது என்ற பலகை இருப்பதும் இதே இயற்பியலால்தான். தாவலின் நுரைக்கும் பகுதியில் மேல்நீர் பின்னோக்கிச் சுழலும். அகப்பட்டவரை அது வெளியே விடாமல் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். காற்றுக்குமிழி கலந்த அந்த நீரில் மிதப்பதும் கடினம். அலையாக நின்று விளையாட்டுக் காட்டும் நீரும் ஆளை விழுங்கும் நீரும் ஒரே குடும்பம். வேறுபாடு, வேகத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள விகிதத்திலும் படுகையின் வடிவத்திலும்.

அளந்து போடாத சரளை

ஐஸ்பாக்கைத் தூர்வாரிய பிறகு அலை திரும்பாததற்கு, படுகையில் படிந்திருந்த சரளை போய்விட்டதே காரணம் என்று சறுக்கியவர்களில் பலர் கருதினார்கள். மாநகராட்சி சும்மா இருக்கவில்லை. நீர்மட்டத்தை மாற்றிப் பார்த்தது, சரளையைக் கொட்டிப் பார்த்தது, நீரியல் பேராசிரியரின் உதவியையும் நாடியது. அலை எழவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே எவ்வளவு, எங்கே என்ற அளவுதான் யாரிடமும் இல்லை. 50 ஆண்டுகளாக ஓடிய நீரும் படிந்த சரளையும் கட்டிய பலகையும் சேர்ந்து உருவாக்கிய படுகைக்கு வரைபடம் கிடையாது.

கிறிஸ்துமஸ் அன்று அலை திடீரென்று எழுந்து நின்றது. யாரோ இரவோடு இரவாக நீருக்குள் ஒரு விட்டத்தைப் பொருத்தி, மேலே கிறிஸ்துமஸ் வாழ்த்துப் பதாகையும் கட்டியிருந்தார்கள். அனுமதியில்லாத அந்த விட்டத்தை டிசம்பர் 28 அன்று மாநகராட்சி தீயணைப்புப் படையைக் கொண்டு அகற்றியது. அலை மறுபடி படுத்தது.

மாநகராட்சியைப் பரிகசிப்பது எளிது. ஆனால் அதே ஆண்டில் ஓர் உயிர் போன இடத்தில், யார் வைத்தது, எப்படிப் பொருத்தியது என்று தெரியாத விட்டத்தை அப்படியே விட்டுவைக்க எந்த நிர்வாகத்தாலும் முடியாது. சறுக்கியவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. அனுமதி கேட்காமல் கட்டிய பலகைகளால்தான் அந்த அலை பிறந்தது. சட்டத்துக்கு வெளியே பிறந்த ஒன்றைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த ஊர், அதைப் பராமரிக்கும் அறிவை மட்டும் வெளியிலேயே விட்டுவிட்டது. போய்சியில் படுகை இயந்திரம், அதை இயக்கச் சம்பளத்துக்கு ஆள் உண்டு. ஐஸ்பாக்கில் அந்த வேலையை 50 ஆண்டுகளாகச் சம்பளமில்லாமல் செய்தவர்கள் கரையில் வரிசையில் நின்றவர்கள். தூர்வாரும் முன் அவர்களை அழைத்துப் படுகையை அளந்து குறித்து வைத்திருந்தால், கொட்ட வேண்டிய சரளைக்கு ஒரு கணக்காவது இருந்திருக்கும்.